நிறுத்தும் பட்டனை முதலில் எழுதுவோம்

சந்தா எங்களுக்குப் புதிய சொல்லில்லை. சனசமூக நிலையத்துக்கு மாதச் சந்தா, மரண உதவிச் சங்கத்துக்குச் சந்தா, சிற்றிதழுக்கு ஆண்டுச் சந்தா என்று எங்கட ஊர்களில் கன காலமாக இருக்கிற பழக்கம் இது. துண்டுப் புத்தகத்தோடு ஒருவர் சைக்கிளில் வருவார். காசைக் கொடுத்தால் பற்றுச்சீட்டுக் கிழித்துத் தருவார். கையில் காசில்லாத மாதத்தில் "அடுத்த முறை பாப்பம்" என்று சொல்லி அனுப்பலாம். நாலைந்து தடவை அப்படிப் போனால் சந்தா தன்பாட்டில் நின்றுவிடும். சந்தா தொடரவேண்டுமென்றால் ஒவ்வொரு மாதமும் நீங்கள் கையை நீட்டிக் காசு கொடுக்கவேண்டும். மறந்தால் நிற்கும்.

இணையத்துச் சந்தா இதை அப்படியே தலைகீழாக்கிவிட்டது. அட்டை இலக்கத்தை ஒருக்கால் கொடுத்தால் காணும். பிறகு நீங்கள் நித்திரையாக இருந்தாலும், வருத்தமாக இருந்தாலும், அந்தச் செயலியைத் திறந்தே ஒரு வருடமானாலும் காசு போய்க்கொண்டிருக்கும். மறந்தால் தொடரும். நிறுத்துவதற்குத்தான் நீங்கள் ஏதாவது செய்யவேண்டும்.

இந்த மாற்றத்தை வங்கியோ பெரிய கொம்பனியோ மட்டும் செய்யவில்லை. யாரோ ஒரு டெவலப்பர் எழுதுகிற இருபது முப்பது வரிக் கோட்டில் அது நடக்கிறது. அந்த டெவலப்பர் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஹற்றனிலோ இருந்து வெளிநாட்டு வேலை செய்கிற எங்கட வயதுப் பிள்ளையாக இருக்கலாம். ஆகவே இதைக் கணினி படித்தவர்களின் விசயம் என்று ஒதுக்கிவைக்க ஏலாது. நாங்கள் சொல்ல வருவது இதுதான்: சந்தா அறவிடும் ஏபிஐ ஒன்றோடு இணைகிறபோது கிளையன்ட் லைப்ரரி எங்களுக்கு இணைப்பைத் தரும். பொறுப்பை அது எடுக்காது. அந்தப் பொறுப்பை நாங்கள் எடுத்திருக்கிறோமா என்று பார்க்க ஒரு எளிய வழி, தொடங்குகிற பட்டனுக்கு முன்னம் நிறுத்துகிற பட்டனை எழுதினோமா என்று பார்ப்பது.

லைப்ரரி எதற்கு?

ஏபிஐ என்பது இன்னொரு கொம்பனியின் சேர்வரோடு எங்கட சேர்வர் கதைக்கிறதுக்கான வாசல். சந்தா அறவிடும் ஏபிஐ ஒன்று வாடிக்கையாளரைப் பதிந்துகொள்ளும், திட்டத்தையும் விலையையும் வைத்திருக்கும், மாதா மாதம் விலைப்பட்டியல் போடும், அட்டையில் காசை எடுக்கும், எடுக்க முடியாவிட்டால் சில நாள் கழித்துத் திரும்ப முயலும். அமெரிக்காவின் ஸ்ட்ரைப், 2011 இல் சென்னையில் தொடங்கிய சார்ஜ்பீ போன்றவை இந்த வேலையைத்தான் செய்கின்றன. எங்கட நாட்டுப் பேஹியர் சேவையிலும் மாதாந்த அறவீட்டுக்கும், அதைப் பார்க்கவும் நிறுத்தவும் ஏபிஐ இருக்கிறது.

இந்த வாசலால் வெறுங்கையோடும் போகலாம். முகவரியை எழுதி, சாவியைத் தலைப்பில் வைத்து, தரவை அடுக்கி அனுப்பி, வருகிற பதிலைப் பிரித்துப் படிக்கலாம். லைப்ரரி இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டு "சப்ஸ்கிரிப்ஷன்ஸ் டொட் கிரியேட்" மாதிரி ஒரு வரியைத் தருகிறது. ஸ்ட்ரைப் தானாகவே ரூபி, பைதன், பிஎச்பி, ஜாவா, நோட், கோ, டொட் நெற் ஆகியவற்றுக்கு லைப்ரரி வெளியிடுகிறது.

லைப்ரரி பாவிக்கிறது சோம்பேறித்தனம், எல்லாத்தையும் தானே எழுதுகிறவன்தான் கெட்டிக்காரன் என்று ஒரு கதை எங்கட பெடியளிடையே உண்டு. காசு விசயத்தில் அந்தக் கெட்டித்தனம் வேண்டாம். ஒரு சின்ன உதாரணம். ஸ்ட்ரைப்பிடம் சந்தாக்காரரின் பட்டியலைக் கேட்டால், வேறு ஒன்றும் சொல்லாதவிடத்து முதல் 10 பேரைத்தான் தரும். ஒரு தடவையில் கேட்கக்கூடிய ஆகக் கூடிய தொகை 100. கையால் எழுதியவர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதான் ஆக்கள்" என்று நினைத்துவிடலாம். லைப்ரரியில் அடுத்தடுத்த பக்கங்களைத் தானாகவே எடுத்துத் தருகிற வசதி இருக்கிறது. அனுப்புநர் உண்மையானவர்தானா என்று கையொப்பம் பார்க்கிற வேலை, வலையமைப்பு அறுந்தால் திரும்ப முயல்கிற வேலை எல்லாம் கன பேர் அடிபட்டுத் திருத்திய கோட். அதை வாங்கிப் பாவிப்பதுதான் புத்தி. அட்டை இலக்கத்தையும் எங்கட சேர்வருக்குள் எடுக்காமல், அறவிடும் சேவை தருகிற பக்கத்திலேயே வாடிக்கையாளரை நிரப்பவிடுவதுதான் நல்லது.

பிரச்சினை லைப்ரரியில் இல்லை. ஒரு வரியில் வேலை முடிந்தவுடன் எல்லாமே முடிந்துவிட்டது என்று எங்களுக்கு வருகிற நினைப்பில்தான் பிரச்சினை.

யாருடைய சாவி, யாருடைய காசு?

ஸ்ட்ரைப் இலங்கை வியாபாரிகளுக்குக் கணக்குத் திறக்கிற நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. ஆகவே இங்கே இருந்து ஸ்ட்ரைப்புக்குக் கோட் எழுதுகிற பிள்ளை லைப்ரரிக்குள் போடுவது பெரும்பாலும் வேறு நாட்டு ஆளொருவருடைய சாவியை. காசு கட்டுகிறவர் இன்னொரு நாட்டில் இருப்பார். காசு போய்ச் சேருகிற கணக்கு அங்கே. கோட் மட்டும் இங்கே. கட்டுகிறவரின் முகம் எங்களுக்குத் தெரியாது, அவருக்கு எங்களை ஒருநாளும் தெரியவராது. சந்தாத் துண்டோடு சைக்கிளில் வந்தவர் அடுத்த நாள் சந்தையிலும் எங்களைக் காணவேண்டியிருந்தது. அந்த வெட்கம் அவரைக் கணக்கில் நேர்மையாக வைத்திருந்தது. எங்களுக்கு அந்த வெட்கத்தின் இடத்தில் இருப்பது கோட் மட்டும்தான்.

சாவியைப் பற்றியும் ஒரு சொல். அந்த இரகசியச் சாவி கையில் இருந்தால் வாடிக்கையாளர் பட்டியலை வாசிக்கலாம், காசு எடுக்கலாம், திருப்பிக் கொடுக்கலாம். அதை வட்ஸ்அப்பில் அனுப்புகிறதும், கோட்டுக்குள் எழுதிக் கிட்ஹப்பில் ஏற்றிவிடுகிறதும் வீட்டுத் திறப்பை மதிலில் தொங்கவிடுகிற வேலை. சேர்வரின் சூழல் மாறியில் வைக்கவேண்டும். ஸ்ட்ரைப்பில் குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும் அனுமதி கொடுக்கிற மட்டுப்படுத்திய சாவிகளும் உண்டு. வேலை தந்தவரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் மரியாதை குறையாது, கூடும்.

இரண்டு தடவை அமர்த்திய விரல்

மெதுவான இணைப்பில் "சந்தா தொடங்கு" பட்டனை ஒருவர் அமர்த்துகிறார். ஒன்றும் நடக்கவில்லை. திரும்ப அமர்த்துகிறார். எங்கட நாட்டில் மலையகத்திலோ வன்னியிலோ இருந்து இணையம் பாவித்தவர்களுக்கு இது விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அறவிடும் சேவைகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள இலக்கத்தைச் சேர்த்து அனுப்பலாம். ஐடெம்பொட்டன்சி கீ என்பார்கள். பற்றுச்சீட்டு இலக்கம் மாதிரித்தான். அதே இலக்கத்தோடு இன்னொரு தடவை வந்தால் சேர்வர் புதிதாகக் காசு எடுக்காது, முந்தின பதிலையே திருப்பித் தரும். ஸ்ட்ரைப் அந்த இலக்கத்தைக் குறைந்தது 24 மணித்தியாலம் ஞாபகம் வைத்திருக்கும். வலையமைப்புக் கோளாறால் லைப்ரரி தானாகத் திரும்ப முயலும்போது இந்த இலக்கத்தைத் தானே போட்டுக்கொள்ளும்.

இங்கேதான் கன பேர் ஏமாறுகிற இடம். லைப்ரரி காப்பாற்றுவது தான் செய்கிற மறுமுயற்சியை. மனிசர் பட்டனை இரண்டு தடவை அமர்த்தினால் எங்கட கோட் லைப்ரரியை இரண்டு தடவை கூப்பிடும். ஒவ்வொன்றுக்கும் லைப்ரரி புது இலக்கம் போடும். ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு சந்தா இருப்பதை ஸ்ட்ரைப் பிழையாக எடுக்காது, இரண்டையும் திறந்துவிடும். அவர் மாதா மாதம் இரண்டு மடங்கு கட்டுவார். எங்கட பக்கத்தில் எல்லாம் "வெற்றி" என்று பச்சையாகத் தெரியும்.

மருந்து சின்னதுதான். அந்தப் படிவத்தைத் திறக்கும்போதே நாங்களே ஓர் இலக்கத்தை உண்டாக்கி, அதை லைப்ரரியிடம் கொடுக்கவேண்டும். சந்தா தொடங்க முன்னம் அந்த ஆளுக்கு ஏற்கெனவே ஒன்று ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும். நாலு வரி. அந்த நாலு வரியை எழுதும்படி லைப்ரரி எங்களைக் கேட்காது.

இரண்டு கொப்பிக் கணக்கு

மூலைக் கடையில் கடனுக்குச் சாமான் வாங்கினவர்களுக்குத் தெரியும், கடைக்காரரிடம் ஒரு கொப்பி, எங்களிடம் ஒரு கொப்பி. இரண்டும் ஒத்துப்போகிற வரைக்கும் சிநேகம். சந்தா ஏபிஐயோடு இணைந்த எந்தச் செயலியும் இப்படி இரண்டு கொப்பியில்தான் ஓடுகிறது. ஒன்று அறவிடும் சேவையிடம். மற்றது எங்கட தரவுத்தளத்தில்.

அங்கே ஏதாவது நடந்தால் எங்களுக்கு அறிவிக்கிற தூதுவன்தான் வெப்ஹூக். காசு வந்தது, அட்டை மறுக்கப்பட்டது, சந்தா முடிந்தது என்று ஒவ்வொன்றுக்கும் எங்கட முகவரிக்கு ஒரு செய்தி வரும். எங்கட சேர்வர் பதில் சொல்லாவிட்டால் ஸ்ட்ரைப் நேரடிப் பாவனையில் 3 நாள் வரைக்கும் இடைவெளி விட்டு விட்டு அனுப்பிப் பார்க்கும். ஒரே செய்தி இரண்டு தடவை வரலாம். பிந்தி நடந்தது முந்தி வரலாம். ஆகவே தூதுவன் கொண்டுவந்த கடதாசியை மட்டும் நம்பி எழுதாமல், செய்தி வந்தவுடன் லைப்ரரி மூலம் "இப்ப உண்மையான நிலை என்ன?" என்று கேட்டு எழுதுவது பாதுகாப்பு.

தூதுவன் உண்மையானவனா என்பது அடுத்த கேள்வி. ஒவ்வொரு செய்தியோடும் கையொப்பம் வரும். அதைச் சரிபார்க்க ஸ்ட்ரைப் லைப்ரரியில் தனி வழி இருக்கிறது. பேஹியர் அனுப்புகிற அறிவிப்பிலும் நாங்கள் கணக்கிட்டு ஒப்பிடவேண்டிய கையொப்பம் ஒன்று உண்டு. ஸ்ட்ரைப்பின் சரிபார்ப்புக்கு வந்த செய்தி வந்தபடியே, ஓர் எழுத்தும் மாறாமல் வேண்டும். நோட்டில் எக்ஸ்பிரஸ் பாவிக்கிறவர்கள் செய்தியை முதலே பிரித்துவிடுவார்கள், பிறகு கையொப்பம் பொருந்தாது. பிழைச் செய்தி வரும். இரவு இரண்டு மணிக்கு அந்தப் பிழையோடு மல்லுக்கட்டுகிறவருக்கு வருகிற ஆசை, சரிபார்க்கிற வரியையே எடுத்துவிடுகிறது. எடுத்தவுடன் எல்லாம் வேலை செய்யும். முகவரி தெரிந்த எவரும் "காசு கட்டியாச்சு" என்று பொய்ச்செய்தி அனுப்பினாலும் வேலை செய்யும்.

ஓர் எழுத்தும் ஒரு திகதியும்

இங்கிலாந்து ஆங்கிலம் படித்து வளர்ந்த எங்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. நிறுத்தப்பட்ட சந்தாவின் நிலையை ஸ்ட்ரைப் அமெரிக்க எழுத்துக்கூட்டலில் "கான்சல்ட்" என்று எழுதும், நடுவில் ஒரு எல். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் படிப்பித்தது இரண்டு எல். இரண்டு எல் போட்டு ஒப்பிட்டால் கணினி சத்தம் போடாது, பிழை காட்டாது. அந்த நிபந்தனை ஒருநாளும் உண்மையாகாது, அவ்வளவுதான். நிறுத்தினவரை எங்கட கொப்பி இன்னும் சந்தாக்காரர் என்றே வைத்திருக்கும்.

நேரமும் அப்படி. ஸ்ட்ரைப் நேரத்தை 1970 ஜனவரி 1 இலிருந்து எத்தனை செக்கன் என்று தருகிறது. ஜாவாஸ்கிரிப்ட் மில்லி செக்கனை எதிர்பார்க்கிறது. 1000 ஆல் பெருக்க மறந்தால் "உங்கள் அடுத்த கொடுப்பனவு 1970 ஜனவரி" என்று பக்கத்தில் வரும். இதாவது கண்ணில் படும். கண்ணில் படாதது நேர வலயம். லண்டனில் ஜனவரி 31 இரவு 8 மணி என்றால் எங்களுக்கு பெப்ரவரி 1 அதிகாலை 1.30. கோட் எழுதினவரின் கணினியில் 1 ஆம் திகதி என்று வருவது, கட்டுகிறவருக்கு 31. சம்பளம் 1 ஆம் திகதி விழுகிற ஒருவருக்கு இந்த ஒருநாள் வித்தியாசத்தில் அட்டை மறுக்கப்படும். 31 இல் தொடங்கின சந்தா பெப்ரவரியில் 28 இல் அறவிடப்பட்டு, மார்ச்சில் திரும்ப 31 க்குப் போவதையும் முன்னமே சொல்லிவைத்தால்தான் ஆக்கள் பதறமாட்டார்கள்.

லைப்ரரியின் பதிப்பை உயர்த்தும்போதும் கவனம் வேண்டும். ஸ்ட்ரைப் 2025-03-31 திகதியிட்ட பதிப்பில், நடப்புக் காலம் எப்போது முடிகிறது என்ற விபரத்தைச் சந்தாவிலிருந்து எடுத்து, சந்தாவுக்குள் இருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் மாற்றியது. பழைய இடத்தில் தேடுகிற கோட்டுக்கு வெறுமைதான் கிடைக்கும். அந்தத் திகதியை வைத்து உள்ளே விடுகிற செயலியாக இருந்தால் காசு கட்டின அத்தனை பேருக்கும் கதவு பூட்டு. மாற்றக் குறிப்பை வாசிக்காமல் பதிப்பை உயர்த்துகிற பழக்கம் வேறு லைப்ரரிகளில் தப்பிக்கலாம், காசு எடுக்கிற லைப்ரரியில் தப்பாது.

நிறுத்துவதில்தான் நேர்மை

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். யூரியூப் பாடங்கள் பலவற்றில் கதை ஒரே மாதிரித்தான். 4242 என்று நாலு தடவை வருகிற சோதனை அட்டை, பட்டன், "வெற்றி" என்ற பச்சை எழுத்து, வணக்கம். சந்தா தொடங்கிவிட்டது. அதை எப்படி நிறுத்துவது என்பது அடுத்த பாகத்தில் வரும் என்பார்கள். அடுத்த பாகம் வராது.

நிறுத்துவதிலும் இரண்டு விதம் இருக்கிறது. லைப்ரரியின் நிறுத்தும் கட்டளையைச் சும்மா கூப்பிட்டால் சந்தா அந்த நிமிசமே முடியும். நாங்கள் தனியாகச் சொல்லாவிட்டால் மிச்ச நாட்களுக்குக் காசும் திரும்பாது. 3 ஆம் திகதி முழு மாதத்துக்கும் கட்டினவர் 5 ஆம் திகதி நிறுத்தினால், கட்டின காசுக்குரிய மிச்ச நாட்களையும் இழப்பார். மற்ற விதம், காலம் முடியும்போது நிற்கட்டும் என்று குறித்துவைப்பது. கட்டின நாள் வரைக்கும் பாவிக்கலாம், பிறகு அறவீடு இல்லை. இரண்டுக்கும் கோட்டில் வித்தியாசம் ஒரு வரி. வாடிக்கையாளருக்கு அது நீதிக்கும் அநீதிக்கும் இடையிலான வித்தியாசம்.

இதைவிடப் பயங்கரமானது இன்னொன்று. ஒருவர் "என் கணக்கை அழி" என்று கேட்கிறார். எங்கட கோட் எங்கட தரவுத்தளத்திலிருந்து அவரின் வரியை அழிக்கிறது. அறவிடும் சேவையிடம் ஒன்றும் சொல்லவில்லை. எங்கட கொப்பியில் அவர் இல்லை, அவர்களின் கொப்பியில் இருக்கிறார். காசு மாதா மாதம் போகும். நிறுத்துவதற்கு உள்ளே போகப் பார்த்தால் "அப்படி ஒரு கணக்கு இல்லை" என்று வரும். உள்ளேயும் போக ஏலாது, வெளியேயும் வர ஏலாது. கடைசியில் வங்கிக்குப் போய் அட்டையை மாற்றவேண்டி வரும். கணக்கை அழிக்கும் வழியில் முதல் வேலை சந்தாவை நிறுத்துவதாக இருக்கவேண்டும். அது நடந்தது உறுதியான பிறகுதான் எங்கட வரியைத் தொடவேண்டும்.

"நிறுத்துகிற பக்கம் செய்ய நேரமில்லை" என்ற கதையும் எடுபடாது. ஸ்ட்ரைப்பில் வாடிக்கையாளர் தானே அட்டையை மாற்ற, விலைப்பட்டியலைப் பார்க்க, சந்தாவை நிறுத்த ஓர் ஆயத்தமான பக்கம் இருக்கிறது. லைப்ரரியில் ஒரு கட்டளை, திரும்பி வருகிற முகவரிக்கு ஆளை அனுப்பினால் சரி. இலவச காலம் முடிய 3 நாள் முன்னம் ஒரு வெப்ஹூக் செய்தியும் வரும். அதைப் பிடித்து ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம்: "வாற வெள்ளிக்கிழமை இவ்வளவு காசு எடுக்கப்படும், வேண்டாமென்றால் இதிலே நிறுத்துங்கோ." தொழில்நுட்பம் தடையாக இல்லை. மனம் இருந்தால் ஒரு பின்னேரத்து வேலை.

"வேலை தந்தவர் வேண்டாம் எண்டால்?"

எங்களிடம் அடிக்கடி வைக்கப்படுகிற நியாயமான மறுப்பு இது. "நாங்கள் கூலிக்கு எழுதிற ஆக்கள். நிறுத்திற பட்டனை ஒளிச்சு வை எண்டு சொன்னால் ஒளிச்சு வைக்கத்தானே வேணும்? மாட்டன் எண்டால் அந்த வேலை வேறை ஒருத்தனுக்குப் போகும்."

இந்தப் பயத்தை நாங்கள் இளக்காரமாகப் பார்க்கவில்லை. டொலரில் வருகிற வேலை ஒரு வீட்டின் அடுப்பாக இருக்கிற காலம் இது. ஆனால் "அறம்" என்று சொல்லி வாதாடத் தேவையில்லை. வேலை தந்தவருக்கு விளங்குகிற மொழியிலேயே கதைக்கலாம். கலிபோர்னியாவில் 2018 ஜூலை முதல், இணையத்தில் சேர்ந்தவர் இணையத்திலேயே விலகவும் வழி இருக்கவேண்டும் என்பது சட்டம். ஜேர்மனியில் 2022 ஜூலை 1 முதல், இணையத்தில் எடுத்த சந்தா ஒப்பந்தத்தை முடிக்கத் தளத்திலேயே பட்டன் இருக்கவேண்டும். இந்தியாவில் றிசேர்வ் வங்கியின் விதிப்படி 2021 ஒக்டோபர் முதல், அட்டையில் தொடர் அறவீடு செய்ய முன்னம் 24 மணித்தியாலத்துக்கு முந்தியே அறிவிக்கவேண்டும்.

அமெரிக்காவில் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2024 ஒக்டோபரில் இதற்கென்று கொண்டுவந்த விதியை ஒரு மேன்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜூலையில் நடைமுறைக் குறையைக் காட்டித் தள்ளிவிட்டது உண்மைதான். ஆனால் அதே ஆணைக்குழு அமேசனின் பிரைம் சந்தா தொடர்பாக 2023 ஜூனில் போட்ட வழக்கு, 2025 செப்டெம்பரில் 250 கோடி டொலர் இணக்கத்தில் முடிந்தது. சேருவதை இலகுவாக்கி, விலகுவதைச் சிக்கலாக்கியதுதான் அந்த வழக்கின் சாரம். விலகும் வழிக்கு நிறுவனத்துக்குள்ளே "இலியட்" என்று பெயர் வைத்திருந்தார்கள் என்று ஆணைக்குழுவின் முறைப்பாடு சொன்னது. கிரேக்கத்தின் நீண்ட போர்க் காவியத்தின் பெயர் அது. அந்தப் பக்கங்களையும் யாரோ டெவலப்பர்கள்தான் எழுதியிருப்பார்கள்.

இவற்றை ஒரு மின்னஞ்சலில் எழுதி, "உங்கட வாடிக்கையாளர் இந்த நாடுகளில் இருந்தால் இது உங்களுக்குத்தான் ஆபத்து" என்று மரியாதையாக அனுப்பலாம். அட்டைக்காரர் வங்கியில் முறையிட்டுக் காசைத் திருப்பி எடுத்தால், காசோடு தண்டப்பணமும் வியாபாரிக்குப் போகும் என்பதையும் சொல்லலாம். அதற்குப் பிறகும் அவர் ஒளித்துவை என்றால் முடிவு உங்களுடையது. ஆனால் தெரியாமல் செய்தது என்று இருவரும் சொல்ல ஏலாது.

நாங்கள் கேட்பது

தமிழில் இப்போது நிரலாக்கம் படிப்பிக்கிற காணொளிகளும் பட்டறைகளும் கூடியிருக்கின்றன. சந்தோசம். அவற்றைச் செய்கிறவர்களிடம் எங்கட வேண்டுகோள், சந்தா ஏபிஐ பாடத்தின் ஒழுங்கை மாற்றுங்கள் என்பது. முதலாவது பாடம் நிறுத்துவது. இரண்டாவது, கணக்கை அழிப்பது. மூன்றாவது, அட்டை மறுக்கப்படும்போது என்ன நடக்கிறது என்பது. 0341 இல் முடிகிற சோதனை அட்டை ஒன்று ஸ்ட்ரைப்பில் உண்டு. வாடிக்கையாளரோடு சேர்க்கும்போது போகும், காசு எடுக்கும்போது மறுக்கும். 4242 ஐ விட அதைத்தான் மாணவர் கையில் கொடுக்கவேண்டும். நாலாவதாகச் சோதனைக் கடிகாரம். ஸ்ட்ரைப்பின் சோதனைச் சூழலில் நேரத்தை முன்னுக்குத் தள்ளி, ஒரு வருடச் சந்தாவைச் சில நிமிசத்தில் ஓட்டிப் பார்க்கலாம். இலவச காலம் முடிகிறது, அட்டை மறுக்கப்படுகிறது, இடையில் நிறுத்துகிறார், எல்லாம் கண்முன்னே நடக்கும். இவ்வளவும் முடிந்த பிறகு "சப்ஸ்கிரிப்ஷன்ஸ் டொட் கிரியேட்" கற்றுக்கொடுங்கள். அது ஒரு வரி. அதற்கு அவசரமில்லை.

இங்கேயே சந்தா முறையில் ஏதாவது தொடங்க நினைக்கிறவர்களுக்கும் இதுதான். ஒன்லைன் ரியூசன் வகுப்போ, இணைய இதழோ, பாட்டுச் செயலியோ, எதுவானாலும் எங்கட சனம் அட்டை இலக்கத்தை இணையத்தில் கொடுக்கப் பயப்படுகிறது. அந்தப் பயத்தைப் பின்தங்கிய மனநிலை என்று சிரிப்பது இலகு. நிறுத்த முடியாத அறவீடு ஒன்றில் ஒருக்கால் மாட்டினவர் திரும்ப ஒருநாளும் அட்டையை எடுக்கமாட்டார், தன் சொந்தக்காரரையும் எடுக்க விடமாட்டார். ஒருவரின் மோசமான கோட், அடுத்து வருகிற பத்து நல்ல முயற்சிகளின் வாசலையும் அடைத்துவிடும்.

லைப்ரரிகள் இன்னும் இலகுவாகும். இப்போதே செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் முழு இணைப்பையும் எழுதித் தருகிறது. நாங்கள் எதைக் கேட்கிறோமோ அதைத்தான் அதுவும் எழுதும். "சந்தா தொடங்கக் கோட் தா" என்று கேட்டால் தொடங்கத் தரும். நிறுத்தக் கேட்கவேண்டியது நாங்கள்தான். காசு கட்டுகிறவர் மறந்துபோகிற நாளில் அவருக்காக ஞாபகம் வைத்திருக்கவேண்டியது அந்தக் கோட். அதை எழுதிவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.